தின்னும் அமிலம், வளரும் குழாய் (டைட்டானியத்தின் கதை – 9)

விமானத் தகடுகளைப் பசையால் ஒட்டுவதற்காக டைட்டானியத்தை அமிலத் தொட்டியில் இறக்கினார்கள். வெளியே எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அங்கே இருக்கக் கூடாத ஒன்று தெரிந்தது. சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

தெரிந்தவை துளைகள். பரப்பு முழுக்க, நெருக்கமாக, ஏறத்தாழ ஒரே அளவில் துளைகள்.

துளை இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். இரண்டாம் வாரத்தில் பார்த்த மணவாளக்குறிச்சிக் கருமணலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இல்மனைட்டில் டைட்டானியம் ஆக்சிஜனோடு இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. எத்தனை பாடுபட்டுப் பிரித்தாலும், காற்று பட்ட மறுகணமே அது மீண்டும் ஆக்சிஜனைப் பிடித்து, சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கடல்நீரும் உடலின் திரவங்களும் டைட்டானியத்தை ஒன்றும் செய்ய முடியாததற்கு அந்தப் படலம்தான் காரணம்.

அதை இன்னும் கனமாக்கும் வேலைக்குத்தான் ஆனோடைசிங் என்று பெயர். தகட்டை நேர்மின்வாயாகக் கட்டி, கந்தக அமிலத்திலோ பாஸ்பாரிக் அமிலத்திலோ தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால், வோல்ட்டுக்கு ஏறக்குறைய 2 நானோமீட்டர் வீதம் படலம் வளரும். வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போனால் தகடு பொன்னிறமாகி, ஊதாவாகி, நீலமாகி, மறுபடி மஞ்சளாகி, இளஞ்சிவப்பாகி, பச்சையாகும். இதில் சாயம் எதுவும் இல்லை. படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதால் வரும் நிறங்கள் இவை. ஒரே வோல்ட்டில் நிறுத்தினால் வளர்ச்சியும் நின்றுவிடும், வளர்ந்த படலமே மின்சாரத்தை மறித்துவிடுவதால். முடிவில் கிடைப்பது கெட்டியான, ஓட்டையற்ற, வழவழப்பான பரப்பு.

விமானக்காரர்களுக்கு அந்த வழவழப்புதான் தொல்லை. பசை பிடிமானம் இல்லாமல் வழுக்கும்; ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒட்டு விட்டுப்போகும். எனவே, குரோமிக் அமிலத் தொட்டியில் கொஞ்சம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைச் சேர்க்கும் வழக்கம் தொழிற்சாலைகளில் வந்தது. எதற்கும் மசியாத டைட்டானியம் ஆக்சைடு ஃபுளோரைடுக்கு மட்டும் மசியும். ஆறு ஃபுளோரைடு அயனிகள் ஒரு டைட்டானியத்தைச் சூழ்ந்து, கரையக்கூடிய கூட்டுப்பொருளாக்கி, ஆக்சைடிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடும். பரப்பு சொரசொரப்பானால் பசை உள்ளே இறங்கிப் பிடிக்கும். எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

1984இல் அசெஃப்பூர்-டெஸ்ஃபுலி, விலாக்கோஸ், ஆண்ட்ரூஸ் என்ற மூவர் டைட்டானிய ஆக்சைடின் வடிவத்துக்கும் ஒட்டின் உறுதிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காரப் பெராக்சைடில் அரித்து, பிறகு குரோமிக் அமிலத்தில் ஆனோடைஸ் செய்த பரப்பில் நுண்துளைகள் கொண்ட அமைப்பு இருந்ததை அதில் பதிவு செய்தார்கள். கட்டுரை பசையைப் பற்றியது. படித்தவர்களும் பசையைப் பற்றித் தெரிந்துகொள்ளவே படித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் அதை வேறு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1999இல் பிரான்சில் ஸ்விலிங், டார்க்-செரெட்டி, ஓகூத்துரியே ஆகியோரைக் கொண்ட குழு அதே மாதிரியான தொட்டிக்குத் திரும்பியது. சுத்த டைட்டானியம் ஒன்று, அலுமினியமும் வனேடியமும் கலந்த விமானக் கலப்புலோகம் ஒன்று. குரோமிக் அமிலம் மட்டும் உள்ள தொட்டி ஒன்று, அதில் சிறிது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்த தொட்டி இன்னொன்று. ஃபுளோரைடு இல்லாத தொட்டியில் வழக்கமான கெட்டிப் படலம் வந்தது. ஃபுளோரைடு உள்ள தொட்டியில் இரண்டு அடுக்குகள் தெரிந்தன: உலோகத்தை ஒட்டி மெல்லிய கெட்டிப் படலம், அதன் மேல் தானே ஒழுங்குபட்டு நின்ற துளை அடுக்கு. யாரும் அச்சு வைக்கவில்லை, கோடு போட்டுக் கொடுக்கவில்லை. துளைகள் தங்களுக்குள் இடைவெளியைப் பங்கிட்டுக்கொண்டு வளர்ந்திருந்தன.

இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 2001இலிருந்து தொடங்குகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. பசை ஒட்டும் வேலையில் இருந்தவர்கள்தான் இதை முதலில் பார்த்தவர்கள். எந்த நஞ்சு இதைச் செய்கிறது என்பதைத் தொட்டிக்குத் தொட்டி ஒப்பிட்டுக் காட்டியவர்கள் அந்தப் பிரெஞ்சுக் குழுவினர். பெயர் மட்டும்தான் பிறகு வந்தது.

அந்தப் பெயருக்கு ஒரு பின்னணி உண்டு. 1991இல் ஜப்பானில் சுமியோ இஜிமா கார்பன் நானோகுழாய்களை விவரித்த பிறகு, எதைத் தொட்டாலும் நானோ என்று உலகம் பேசிய காலம் அது. அமெரிக்காவில் கிரெய்க் கிரைம்ஸ் குழுவினர் குரோமிக் அமிலத்தை விட்டுவிட்டு, நீரில் 0.5 முதல் 3.5 சதவீதம் வரை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த எளிய கரைசலில் டைட்டானியத்தை ஆனோடைஸ் செய்தார்கள். 2001இல் வந்த அவர்களது கட்டுரைத் தலைப்பிலேயே ‘நானோகுழாய் அணிவரிசை’ என்ற சொல் இருந்தது. அடி மூடி, வாய் திறந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே நிமிர்ந்து நின்ற குழாய்கள். வோல்ட்டேஜைக் கூட்டினால் குழாயின் விட்டம் கூடியது, குறைத்தால் குறைந்தது. நானோமீட்டர் அளவில் இருக்கும் ஒரு பொருளின் அகலத்தை மின்கருவியின் குமிழைத் திருப்பி முடிவு செய்யலாம் என்றானது!

ஆனால் உயரம்?

அங்கேதான் எல்லாரும் முட்டிக்கொண்டார்கள். பத்து நிமிடம் விட்டாலும் பத்து மணி நேரம் விட்டாலும் குழாய்கள் சுமார் அரை மைக்ரானுக்கு மேல் ஏற மறுத்தன. மனிதத் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது, உலோகம் குறைந்துகொண்டே இருந்தது. குழாய் மட்டும் வளரவில்லை. போனதெல்லாம் எங்கே போயிற்று?

*

விடை ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் இருந்து வந்தது. அங்கே சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் ஷ்முகி தலைமையில் ஒரு குழு இருந்தது. அதில் யான் மாச்சாக், ஹிரோவாகி சுச்சியா இருவரும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருவன் கிணறு வெட்டிக்கொண்டே போகிறான். அவன் எந்த வேகத்தில் வெட்டுகிறானோ அதே வேகத்தில் மேலே தரை கரைந்து இறங்கிக்கொண்டிருந்தால், எத்தனை நாள் வெட்டினாலும் கிணற்றின் ஆழம் கூடுமா? ஹைட்ரோஃபுளோரிக் அமிலத் தொட்டியில் நடந்தது அதுதான். குழாயின் அடியில் மின்புலத்தின் வலுவால் ஆக்சைடு உருவாகிக்கொண்டே உலோகத்துக்குள் இறங்குகிறது. அதே நேரத்தில் சுற்றியிருக்கும் அமிலம் குழாயின் வாயை மின்சாரத்தின் உதவியில்லாமலே கரைக்கிறது. இரண்டு வேகமும் சமமாகும்போது உயரம் நின்றுவிடுகிறது.

அப்படியானால் அமிலத்தை எடுத்துவிட்டால்? எடுத்துவிட்டால் அடியிலும் வேலை நடக்காது. ஃபுளோரைடு ஆக்சைடைக் கரைக்க அமிலத்தன்மை துணை வேண்டும். அமிலம் அடியில் இருக்க வேண்டும், வாயில் இருக்கக் கூடாது. ஒரே குழாய், ஒரே தொட்டி, ஒரே கரைசல். இது எப்படி நடக்கும்?

அவர்கள் கண்டுகொண்ட உண்மை எளியது. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த இடமும் இதுதான். ஆனோடைசிங் நடக்கும்போது குழாயின் அடி தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. டைட்டானியம் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும்போது ஹைட்ரஜன் அயனிகள் மிஞ்சுகின்றன, மிஞ்சுவது அடியில். ஆக, வெளியே அமிலமே இல்லாத நடுநிலைக் கரைசலை வைத்தாலும் அடியில் அமிலம் இருக்கும். சோடியம் சல்ஃபேட், கொஞ்சம் சோடியம் ஃபுளோரைடு, தண்ணீர்: இதுதான் புதிய தொட்டி. வோல்ட்டேஜை ஒரேயடியாகப் போடாமல் மெல்ல ஏற்றினார்கள். வாய் கரையவில்லை, அடி இறங்கிக்கொண்டே போனது. 2005இல் குழாயின் நீளம் 2 மைக்ரானைத் தாண்டியது.

அதே ஆண்டில் இன்னொரு அடியும் எடுத்து வைத்தார்கள். தண்ணீரில் வளர்ந்த குழாய்களின் சுவரில் வளையம் வளையமாகப் புடைப்புகள் இருந்தன. மின்னோட்டம் ஏறி இறங்கித் துடித்ததன் தழும்புகள் அவை. தண்ணீருக்குப் பதிலாகக் கெட்டியான கிளிசரினை ஊற்றிப் பார்த்தார்கள். அயனிகள் நகரும் வேகம் தணிந்தது, துடிப்பும் அடங்கியது. 7 மைக்ரான் நீளத்தில் வழவழப்பான சுவருடன் குழாய்கள் வந்தன.

இதற்குள் கிரைம்ஸ் குழு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. ஊமன் வர்கீஸ், மேகி பாலோஸ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். எர்லாங்கனில் ஒரு கட்டுரை வந்தால் பென்சில்வேனியாவிலிருந்து அடுத்தது வரும். 2006இல் பென்சில்வேனியா 134 மைக்ரான் என்றது. 2007இல் எர்லாங்கன் 250 என்றது. அதே ஆண்டில் பென்சில்வேனியாவின் பதில்: 1000 மைக்ரான். முழுதாக ஒரு மில்லிமீட்டர்! ஆறே ஆண்டுகளில் நீளம் இரண்டாயிரம் மடங்கு ஆகியிருந்தது. அகலத்தோடு ஒப்பிட்டால் நீளம் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு.

இத்தனையும் சாதித்தது எத்திலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் இருக்கும் அதே திரவம். அதில் அரை சதவீதத்துக்கும் குறைவாக அம்மோனியம் ஃபுளோரைடு, ஓரிரண்டு சதவீதம் தண்ணீர், 60 வோல்ட் மின்சாரம். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் இன்றும் செய்வது இந்தச் சமையலைத்தான்.

அந்த மேசையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பாத்திரம் கண்ணாடியாக இருக்காது, ஃபுளோரைடு கண்ணாடியையும் அரிக்கும். டெஃப்லான் அல்லது பிளாஸ்டிக். அசிட்டோனிலும் எத்தனாலிலும் கழுவிய டைட்டானியத் தகடு ஒரு பக்கம், எதிரே பிளாட்டினம். சுவிட்சைப் போட்டதும் மின்னோட்டம் சட்டென்று விழும்: கெட்டிப் படலம் உருவாகி வழியை மறிக்கிறது. தகட்டில் ஊதாவும் நீலமும் ஓடி மறையும். பிறகு மின்னோட்டம் மெல்ல ஏறும்: ஃபுளோரைடு படலத்தைத் துளைக்கத் தொடங்கிவிட்டது. ஏறியது ஓர் இடத்தில் நிலைத்தால், துளைகள் தமக்குள் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே சீராக இறங்குகின்றன என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் வளர்ச்சியை மீட்டர் முள்ளை வைத்தே படிக்கலாம். இன்னொரு விஷயம்: புதிதாகக் கலந்த கரைசலைவிட ஒரு முறை பயன்படுத்திய கரைசலில் குழாய்கள் நன்றாக வரும். ஏற்கெனவே கரைந்திருக்கும் டைட்டானியம் வாய்ப்பகுதி கரைவதைத் தணிக்கிறது. வேலை முடிந்து எடுக்கும்போது தகட்டின் பளபளப்பெல்லாம் போயிருக்கும். அவசரப்பட்டு உலர்த்தினால், வற்றும் திரவத்தின் இழுப்பில் நீண்ட குழாய்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கொத்துக் கொத்தாகிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது. வலி தெரியாமலே உள்ளே இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்த அமிலத்தை யாரும் திறக்கக் கூடாது. உயிர் போயிருக்கிறது.

*

இப்போது ஒரு பழைய கடனைத் தீர்க்க வேண்டும். அலுமினியத்திலும் இப்படித் துளைகள் வரும் என்று நான்காம் வாரத்தில் எழுதியிருந்தேன். 1953இல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தில் கெல்லர், ஹண்டர், ராபின்சன் மூவரும் அதை அறுகோண அறைகளாக விளக்கினார்கள். 1995இல் மசுடாவும் ஃபுகுடாவும் அந்தத் துளைகளைக் கோடு தவறாமல் அடுக்கிக் காட்டினார்கள். ஆனால் அலுமினிய ஆக்சைடில் பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குச் சுவர் பொது. அது துளையிட்ட ஒரே கட்டி. டைட்டானியத்தில் மட்டும் ஒவ்வொரு குழாயும் அண்டை குழாயைத் தொடாமல் தனியே நிற்பது ஏன்? வாசகர் பலர் கேட்ட கேள்வி.

அதற்கும் ஃபுளோரைடுதான் காரணம். ஆக்சைடுக்குள் மின்புலம் இழுக்கும்போது, ஃபுளோரைடு அயனி ஆக்சிஜன் அயனியைவிட வேகமாக உள்ளே நகர்கிறது. முந்திப்போனது உலோகத்தை ஒட்டி அடியில் ஒரு மெல்லிய ஃபுளோரைடு அடுக்காகச் சேர்கிறது. குழாய்கள் இறங்க இறங்க, அந்த அடுக்கு பக்கவாட்டில் தள்ளப்பட்டு, இரண்டு குழாய்களுக்கு நடுவே எல்லையாக நிற்கிறது. ஆக்சைடைவிட இந்த அடுக்கு நீரில் எளிதாகக் கரையும். தொட்டியில் இருக்கும் அந்த ஓரிரண்டு சதவீதத் தண்ணீர் எல்லையைக் கரைத்துவிட, குழாய்கள் பிரிந்து நிற்கின்றன. தண்ணீரின் அளவை மாற்றினால் பிரியும் விதமும் மாறும். ஆக, படலத்தைத் துளைத்தது, குழாயின் வாயைத் தின்றது, அண்டைச் சுவர்களைப் பிரித்துவிட்டது எல்லாமே ஒரே அயனி. இத்தனை ஆண்டு உழைப்பு முழுவதும் அதை எங்கே விடுவது, எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொண்டதுதான்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த குழாய்கள் எதற்கு? 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டையாக்சைடின் மேல் ஒளி பட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்று காட்டியதை ஆறாம் வாரத்தில் பார்த்தோம். குழாய்களால் பரப்பு பல மடங்கு பெருகியதும் அந்தக் கனவுக்கு மறுபடி உயிர் வந்தது. தொட்டியிலிருந்து எடுத்த குழாயின் அணுக்களில் ஒழுங்கு இருக்காது. 450 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்தால் அனடேஸ் என்ற படிகமாக மாறும், மின்னணுக்கள் ஓட வழி கிடைக்கும். ஹைட்ரஜன் வாயு பட்டால் மின்தடை பெருமளவில் மாறும் உணரியை 2003இலேயே பென்சில்வேனியாக் குழு செய்து காட்டியது. சாயம் தோய்த்த சூரியக் கலங்களும் வந்தன. அவற்றின் கதை தனி, பின்னால் வருகிறது.

நாம் போக வேண்டியது எலும்புக்கு. பிரானெமார்க்கின் ஆய்வில் முயல் எலும்போடு டைட்டானியம் பிரிக்க முடியாமல் இறுகிக்கொண்டதை ஐந்தாம் வாரத்தில் படித்தவர்களுக்கு அடுத்த கேள்வி தானாகவே எழுந்திருக்கும். உயிரணு டைட்டானியத்தை நேரடியாகத் தொடுவதே இல்லை, தொடுவது அதன் ஆக்சைடை. அந்த ஆக்சைடு வழவழப்பாக இல்லாமல் குழாய்க் காடாக இருந்தால் உயிரணு என்ன செய்யும்?

2007இல் எர்லாங்கனில் ஷ்முகி, உயிரியலாளர் கிளாவ்ஸ் ஃபான் டெர் மார்க்குடன் கைகோத்தார். ஜுங் பார்க், செபாஸ்டியன் பவர் இருவரும் உடனிருந்தார்கள். பாஸ்பாரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த தொட்டி. 1 வோல்ட் முதல் 20 வோல்ட் வரை. 15 நானோமீட்டர் விட்டத்திலிருந்து 100 நானோமீட்டர் வரை குழாய்ப் பரப்புகளை வரிசையாகத் தயாரித்து, அவற்றின் மேல் எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை விட்டார்கள்.

15 நானோமீட்டர் குழாய்களின் மேல் செல்கள் இறுகப் பற்றிக்கொண்டு, படர்ந்து, பெருகின. 50ஐத் தாண்டியதும் பிடி தளர்ந்தது. 100 நானோமீட்டரில் செல்கள் தம்மைத்தாமே அழித்துக்கொண்டன. பொருள் மாறவில்லை. மாறியது குழாயின் அகலம். செல் தன் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ளப் பயன்படுத்தும் இன்டெக்ரின் புரதத்தின் தலை சுமார் 10 நானோமீட்டர் அகலம். 15 நானோமீட்டர் விளிம்பில் அவை கூட்டமாகச் சேர்ந்து நிற்க முடிகிறது, அகன்ற வாயில் முடியவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். எலும்பில் பொருத்தும் டைட்டானியத்துக்கு எந்த விட்டம் வேண்டும் என்பது முடிவாகிவிட்டது போலத் தோன்றியது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2009இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் சுங்ஹோ ஜின் குழு அதே கேள்வியை மனித ஸ்டெம் செல்களிடம் கேட்டு, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் விடையை வெளியிட்டது. 30 நானோமீட்டர் குழாயில் செல்கள் ஒட்டின, ஆனால் எலும்புச் செல்லாக மாறுவதில் நாட்டம் காட்டவில்லை. எர்லாங்கனில் செல்கள் செத்துப்போன அதே 100 நானோமீட்டரில், சான் டியாகோவின் செல்கள் சாகவில்லை. நீண்டு இழுபட்டு, எலும்பு கட்டும் செல்களாக மாறத் தொடங்கின!

ஒரே உலோகம், ஒரே ஆக்சைடு, ஒரே அகலம். ஒரு நகரத்தில் சாவு, இன்னொரு நகரத்தில் எலும்பு. இரண்டு கட்டுரைகளும் தேர்ந்த கைகளிலிருந்து வந்தவை. இரு குழுக்களின் செல்களும் வேறு. குழாய்களைச் சுட்டதிலும் சுடாமல் விட்டதிலும் ஏதாவது இருக்கிறதா? சுவருக்குள் தங்கிவிட்ட ஃபுளோரைடு இங்கேயும் தன் வேலையைக் காட்டியதா?

எர்லாங்கன் சும்மா இருக்கவில்லை. அவர்களது மறுமொழி வந்தது.

(தொடரும்)